ஒருவர் எடுத்த நூல் மற்றவர் பட்டியலிலும் தெரிகிறது. எண்ணிக்கை மட்டும் சரியாக இருப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். பைத்தான் 3-இல் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்தை அண்மையில்தான் கற்கத் தொடங்கினேன். பயிற்சிக்காக ஒரு நூலக நிரல் எழுதி, அதில் ‘உறுப்பினர்’ என்னும் கிளாஸை (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் வார்ப்பை) அமைத்துள்ளேன். கிளாஸுக்குள், ஆனால் எந்த மெத்தடுக்கும் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனுக்கும்) வெளியே, ‘எண்ணிக்கை = 0’, ‘நூல்கள் = []’ என்று இரண்டு வரிகள் உள்ளன. ‘எடு’ என்ற மெத்தடில் ‘செல்ஃப்.எண்ணிக்கை += 1’ என்றும் ‘செல்ஃப்.நூல்கள்.அப்பெண்ட்(நூல்)’ என்றும் எழுதியிருக்கிறேன்.

அ, ஆ என இரண்டு ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கி, அ-வுக்கு மட்டும் ஒரு நூலைக் கொடுத்தேன். அ-வின் எண்ணிக்கை 1, ஆ-வின் எண்ணிக்கை 0 என்று சரியாகவே வந்தன. ஆனால் ஆ-வின் பட்டியலிலும் அந்த நூல் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அடுத்தடுத்து ஒரே விதமாக எழுதிய இரண்டு வரிகளில் ஒன்று தனித்தனியாகவும் மற்றொன்று பொதுவாகவும் நடந்துகொள்வது எப்படி?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நீங்கள் எழுதிய இரண்டுமே கிளாஸுக்குச் சொந்தமானவை. ஆகவே இரண்டுமே பொதுவானவைதாம். பட்டியல் பொதுவாக இருப்பதில் வியப்பில்லை, எண்ணிக்கை எப்படித் தனியானது என்பதே இங்கு விளங்கிக்கொள்ள வேண்டியது.

சாதாரணப் பண்பு (எண்ணிக்கை, நூல்கள் போன்றது) ஒன்றை ஆப்ஜெக்ட்டின் வழியாக வாசிக்கும்போது, பைத்தான் முதலில் அந்த ஆப்ஜெக்ட்டின் சொந்தச் சேமிப்பில் தேடும். அங்கே இல்லையென்றால் அதன் கிளாஸிலும், அதன்பின் தாய் கிளாஸ்களிலும் வரிசையாகத் தேடும். மதிப்பு அளிக்கும்போது இந்தத் தேடல் நடப்பதில்லை. செல்ஃப் என்பது மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டுக்காக இயங்குகிறதோ அதைக் குறிக்கும். சமக்குறியின் இடப்பக்கம் ‘செல்ஃப்.எண்ணிக்கை’ என்று இருந்தால், மதிப்பு நேராக அந்த ஆப்ஜெக்ட்டிலேயே எழுதப்படும். எனவே ‘செல்ஃப்.எண்ணிக்கை += 1’ என்னும் வரி கிளாஸிலிருந்த 0-வை வாசித்து, ஒன்றைக் கூட்டி, வந்த 1-ஐ அ-வுக்குள் புதிய பண்பாக வைத்துவிட்டது. கிளாஸிலுள்ள 0 அப்படியே இருப்பதால் ஆ இன்னும் அதையே காட்டுகிறது. அப்பெண்ட் வரியிலோ மதிப்பளிப்பே இல்லை. கிளாஸிலுள்ள அந்த ஒரே பட்டியலைத் தேடிப் பிடித்து அதற்குள்ளேயே நூலைச் சேர்க்கிறது.

வார்ஸ் என்பது ஓர் ஆப்ஜெக்ட்டின் சொந்தப் பண்புகளை மட்டும் தரும் ஃபங்ஷன். ‘வார்ஸ்(அ)’, ‘வார்ஸ்(ஆ)’ ஆகிய இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். முதலாவதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், இரண்டாவது காலியாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டியவற்றை, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக இயங்கும் இனிட் (__init__) மெத்தடுக்குள் ‘செல்ஃப்.நூல்கள் = []’ என்று உருவாக்குங்கள். ஒருவர் எடுக்கக்கூடிய நூல்களின் உச்ச அளவு போன்று எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியது கிளாஸிலேயே இருப்பதுதான் முறை.

மறுமொழி 2

ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். அப்பெண்டுக்குப் பதிலாக ‘செல்ஃப்.நூல்கள் += [நூல்]’ என்று எழுதினால் சிக்கல் தீராது, கண்டுபிடிப்பதுதான் இன்னும் கடினமாகும். பட்டியலைப் பொறுத்தவரை += முதலில் இருந்த பட்டியலையே நீட்டிவிட்டு, அதன்பின் அதே பட்டியலை ஆப்ஜெக்ட்டின் பண்பாகவும் எழுதி வைக்கும். வார்ஸ் அச்சிட்டால் நூல்கள் அ-வின் சொந்தப் பண்புபோலத் தெரியும். ஆனால் அது கிளாஸின் பட்டியலேதான். இந்த இடத்தில் எனக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது.

இனிட்டின் அளவுருவில் ‘நூல்கள்=[]’ என்று இயல்பு மதிப்பு கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியல் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகும் என்பதால், பட்டியல் கொடுக்காமல் உருவாக்கும் ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் அதையே பகிர்ந்துகொள்ளும். இயல்பு மதிப்பாக ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) வைத்து, உள்ளே புதிய பட்டியலை உருவாக்குவதே வழக்கம். 2018-இல் வந்த பைத்தான் 3.7-இன், இனிட்டைத் தானாகவே எழுதித் தரும் டேட்டாகிளாஸ் வசதியில் பட்டியலை இப்படி இயல்பு மதிப்பாக வைத்தால் வேல்யூஎரர் என்னும் பிழை எழுந்துவிடும். ஆயினும் கற்கும் காலத்தில் இனிட்டைக் கையால் எழுதிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இனிட்டுக்கு மாற்றியதும் அ, ஆ இருவரின் பட்டியல்களும் பிரிந்துவிட்டன. ஆனால் முன்பு இயங்கிக்கொண்டிருந்த ‘ஆயுள்_உறுப்பினர்’ இப்போது, நூல்கள் என்ற பண்பே இல்லை என்று அட்ரிபியூட்எரர் தருகிறது. அது உறுப்பினரிலிருந்து பெறப்பட்ட சேய் கிளாஸ். அதன் இனிட்டில் சேர்ந்த ஆண்டை மட்டும் சேமிக்கிறேன்.

மறுமொழி 1

இதுவும் அதே தேடலின் விளைவுதான். ஆப்ஜெக்ட் உருவாகும்போது இனிட்டும் சேய் கிளாஸிலிருந்தே தேடப்படுகிறது. உங்களுடையது அங்கேயே கிடைத்துவிடுவதால் தாயின் இனிட் தானாக இயங்காது. பட்டியலை உருவாக்கும் வரி நிறைவேறவே இல்லை. முன்பு பட்டியல் தாய் கிளாஸின் உடலில் இருந்ததால், தேடல் மேலே சென்று அதைக் கண்டுபிடித்தது. சேயின் இனிட்டில் முதல் வரியாக ‘சூப்பர்()’ வழியே தாயின் இனிட்டை அழையுங்கள்.

கேட்டவர்

சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: இதுவரை எத்தனை உறுப்பினர்கள் உருவாக்கப்பட்டார்கள் என்று எண்ண, கிளாஸில் ‘மொத்தம் = 0’ வைத்திருக்கிறேன். இனிட்டில் ‘செல்ஃப்.மொத்தம் += 1’ என்று எழுதினால், அது அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் மட்டும் 1 ஆகிவிடும் என்று புரிகிறது. அதற்குப் பதில் ‘டைப்(செல்ஃப்).மொத்தம் += 1’ என்று எழுதலாமா?

மறுமொழி 2

உங்கள் முதல் ஊகம் சரியே. ஆனால் டைப்(செல்ஃப்) என்பது ஆயுள் உறுப்பினருக்குச் சேய் கிளாஸையே தரும். மொத்தம் தாயிலிருந்து வாசிக்கப்பட்டு, சேய் கிளாஸில் தனிப் பண்பாக எழுதப்படும். அதன்பின் இரண்டு கணக்குகளும் பிரிந்து ஓடும். எல்லாரையும் சேர்த்து எண்ண வேண்டுமானால், ‘உறுப்பினர்.மொத்தம் += 1’ என்று கிளாஸின் பெயரையே குறிப்பிட்டு எழுதுங்கள்.