புதுப்பிப்பு: மூடுல் மதிப்பெண் ஏட்டில் 60:40 விதி சரியாகிவிட்டது

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்காக முன்பு கேட்டிருந்தேன்: ஐந்து தேர்வில் மிகக் குறைந்ததை விட்டுவிட்டு மீதியின் சராசரிக்கு 60 சதவீதம், செய்முறைக்கு 40. இதை மூடுலில் (Moodle, இணையவழி வகுப்பு நடத்தும் மென்பொருள்) எப்படி அமைப்பது?

சூத்திரம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. தேர்வுகளுக்கு ஒரு பிரிவு, செய்முறைக்கு ஒரு பிரிவு. இரண்டுக்கும் மேலே, மொத்த மதிப்பெண்ணுக்கு, எடையிட்ட சராசரி: தேர்வுக்கு 60, செய்முறைக்கு 40. தேர்வுப் பிரிவில் 'குறைந்ததை நீக்கு' என்ற இடத்தில் 1. அவ்வளவுதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது 'காலி மதிப்பெண்களைச் சேர்க்காதே' என்ற டிக். ஒரு மாணவி 20க்கு 12, 15, 8, 17, 14 வாங்கினால் 8 போய், 80க்கு 58, அதாவது 72.5 சதவீதம். இன்னொரு பையன் அந்த 8 வாங்கிய தேர்வுக்கே வரவில்லை, மற்றவை அதே மதிப்பெண்கள். டிக் இருந்தால் காலி கணக்கிலேயே வராது; மீதி நான்கில் 12ம் நீங்கி, 60க்கு 46, ஏறக்குறைய 76.7! எழுதியவளைவிட எழுதாதவனுக்கு அதிகம். காசிமேட்டிலிருந்து வேலை முடித்து ஓடிவந்து தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். டிக்கை எடுத்தால் காலி பூஜ்யமாகி, அதுவே நீங்கும், இருவருக்கும் 72.5.

அப்புறம், டிக்கைப் பருவ நடுவில் எடுக்காதீர்கள். இன்னும் நடக்காத தேர்வுகளும் பூஜ்யமாகி, எல்லாருடைய மொத்தமும் சரிந்து தெரியும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கடைசித் தேர்வின் மதிப்பெண் ஏறியதும் எடுங்கள்.