தண்ணீர் ஊற்றாமல் பயோடீசலைச் சுத்தம் செய்வது: நீலகிரியின் மூன்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்ட அனுபவங்கள்

கோத்தகிரி
எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்துப் பயோடீசல் ஆக்கும்போது கிளிசரினும் சோப்பும் கூடவே வரும். அந்தச் சோப்பை எடுக்க, கிளிசரினை இறக்கிவிட்டு நேரே மரத்தூளில் விடுகிறவர்கள்தான் அதிகம். சோப்பு அப்படியே தாண்டிப் போகும். மெத்தனால் இருக்கிறவரை சோப்பு கரைந்தே நிற்பதுதான் காரணம். முதல் வேலை மெத்தனாலை எடுப்பது. கடல் மட்டத்தில் 64.7 டிகிரியில் கொதிக்கிற மெத்தனால், ஊட்டி உயரத்தில் 58 வாக்கிலேயே கொதிக்கும். அதை நம்பி அங்கேயே நிறுத்தக் கூடாது. கடைசி மிச்சம் லேசில் பிரியாது. பம்பில் சுற்றவிட்டு 90-100 வரை ஏற்றி, ஆவியைக் கண்டென்சரில் குளிரவைத்துப் பிடிக்கணும். மின் ஹீட்டர் மட்டும். கேஸ் அடுப்பு கிட்டவே வரக் கூடாது. கிளிசரின் அடியில் தங்கியிருக்கும்போது சூடேற்றினால் வினை பின்னோக்கி ஓடும், பயோடீசல் மறுபடி எண்ணெயாகும். பிறகு ஒரு ராத்திரி ஆறவிட்டால் சோப்பில் ஒரு பங்கு தானே அடியில் படியும்.

குன்னூர்
தூள் சில்வர் ஓக் மாதிரி வெறும் மரத்துடையதாக இருக்கட்டும். பிளைவுட் தூளில் பசை இருக்கும். ஆடி மழையில் மூட்டைக்குள்ளேயே ஈரம் ஏறிவிடும், காயவைத்துத்தான் போடணும். தூளை நிரப்பும் குழாய் இரும்பாக இருக்கட்டும், சூட்டில் பிவிசி இளகும். எண்ணெய் ஊறிய பழைய தூளைக் குவித்து வைக்காதீங்க. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டின்தான் சரி.

ஊட்டி
ரெசின் (அயனிகளை மாற்றும் சிறு மணிகள்) வாங்கியவர்கள் எல்லாச் சோப்பையும் அதன் தலையில் கட்டுகிறார்கள். ரெசின் சோப்பை அகற்றுவதில்லை, கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது; அந்த அமிலம் எரிபொருளிலேயே தங்கும். 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) பொட்டாசியம் சோப்பை ரெசினில் விட்டால், எரிபொருளின் அமிலத்தன்மையைக் காட்டும் அமில எண் 0.87 கூடும். தர வரம்பே 0.5தான்! அதனால் தூள் முதலில், ரெசின் கடைசியில். குழாயில் பாதியைக் காலியாக விடுங்க, ரெசின் உப்பும். மெத்தனாலில் அலசினால் பிடித்த கிளிசரின் போகும், செலவான அமிலத்திறன் திரும்பாது.

கோத்தகிரி
சரிதான் அண்ணா. சோப்பை உறிஞ்சும் மக்னீசியம் சிலிக்கேட் பொடி போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எடையில் 1 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 900 கிராம் வாக்கில். சூடாக இருக்கும்போதே 20 நிமிஷம் கலக்கி 1 மைக்ரான் வடிகட்டியில் விடணும். அந்தப் பொடி தப்பிப் போனால் இன்ஜெக்ஷன் பம்பைத் தேய்த்துவிடும்.

குன்னூர்
சோப்பு எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. 10 கிராம் மாதிரி, 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நிறம் மாறிக் காட்டும் புரோமோபீனால் நீலம் சில துளி. 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்க. நீலம் மஞ்சளாகும்வரை செலவான ஒவ்வொரு மில்லிக்கும் பொட்டாசியம் சோப்பு 320 பிபிஎம், சோடியம் என்றால் 304.

ஊட்டி
மார்கழிக் காலையில் வடிகட்டி வெள்ளையாக அடைத்தால் உடனே சோப்பு என்று முடிவு கட்டாதீங்க. பாமாயில் பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கலங்க ஆரம்பிக்கும். சூடுபடுத்திப் பாருங்க, தெளிந்தால் வெறும் உறைதல். மாறாத எண்ணெய் மிச்சம் இருக்கிறதா என்று 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுப் பார்க்கும் சோதனையும் இப்படித்தான்: இரண்டும் 20 டிகிரிக்கு மேல் இருக்கணும், குளிரில் நல்ல சரக்கும் அடியில் இறங்கும்.