கிளீவ்லாந்து பிரவுன்ஸ்: 2026இன் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரே குவாட்டர்பேக்குக்காகக் கொடுத்துவிடலாமா?

ஏரிக்கரை ரசிகன் (மே 2025):

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் சென்ற மாதம் நடந்தது. அதில் நம் பிரவுன்ஸ் அணி 2ஆம் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டு 5ஆம் இடத்துக்கு இறங்கியதையும், அதற்கு ஈடாக இந்த ஆண்டின் 36ஆம் தேர்வோடு 2026ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கிக்கொண்டதையும் அறிவீர்கள். அந்த 2ஆம் இடத்தில் ஜாக்சன்வில் எடுத்த டிராவிஸ் ஹன்டரைக் கைநழுவ விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது என்றாலும், அடுத்த ஆண்டு நம் சொந்தத் தேர்வையும் சேர்த்து முதல் சுற்றில் இரண்டு இடங்கள் நம்மிடம் இருக்கும் என்பதால், நிர்வாகத்தின் கணக்கு எந்தத் திசையில் போகிறது என்று ஊகிப்பது கடினமில்லை.

அந்தக் கணக்குதான் எனக்கு அச்சமூட்டுகிறது. 1999இல் அணி மீண்டும் களமிறங்கியதிலிருந்து சென்ற பருவத்தின் கடைசி ஆட்டம் வரை 40 பேர் நமக்குத் தொடக்க குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, ஆடியிருக்கிறார்கள். 1999இல் முதல் தேர்வாக டிம் கவுச் வந்தார். 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மன்சியெல் ஆகிய மூவரும், என்ன ராசியோ தெரியவில்லை, அதே 22ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர்கள். ஓர் ஆட்டம்கூட வெல்லாத 2017க்குப் பிறகு பேக்கர் மேஃபீல்ட் வந்தார். அவரை அனுப்பிவிட்டு 2022இல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும், முழு உத்தரவாதத்துடன் 23 கோடி டாலரையும் கொடுத்தோம். மூன்று பருவங்களில் அவர் ஆடியவை 19 ஆட்டங்கள். என் அலமாரியில் கவுச், குவின், மேஃபீல்ட் என மூன்று பெயர்களில் சட்டைகள் தொங்குகின்றன. சென்ற கிறிஸ்துமஸுக்கு மகள் ஒரு பிரவுன்ஸ் சட்டை கேட்டபோது, முதுகில் பெயரே பொறிக்காத ஒன்றைத்தான் துணிந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே என் கேள்வி இதுதான். 2026இல் இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து மேலே ஏறி, ஆர்ச் மேனிங், கேரட் நஸ்மையர், ட்ரூ அலர், கேட் க்ளப்னிக் ஆகிய கல்லூரி குவாட்டர்பேக்குகளில் ஒருவரைப் பிடிப்பது சரியா? அல்லது அந்த இரண்டையும் வயதேறிவிட்ட நம் ஆஃபென்சிவ் லைனுக்கு (குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் ஐவர் வரிசைக்கு) செலவிட்டு, குவாட்டர்பேக்குக்காக இன்னும் ஓராண்டு பொறுப்பது சரியா?

ஐவர் அரண்:

ஐயா, ஏறிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2023இல் கரோலினா பேந்தர்ஸ் நமக்குக் காட்டிவிட்டது. முதலிடத்துக்காக அவர்கள் சிகாகோவுக்கு 9ஆம் தேர்வு, 61ஆம் தேர்வு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றோடு, தங்கள் தலைசிறந்த ரிசீவரான டி.ஜே. மூரையும் கொடுத்தார்கள். பிறகு வந்து சேர்ந்த பிரைஸ் யங், பந்தை யாருக்கு எறிவது? வீரர் வந்துவிட்டார், அவர் எறிவதைப் பிடிக்க வேண்டியவர் சிகாகோவுக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் யங் 62 முறை சாக் செய்யப்பட்டார் (பந்தை எறியுமுன் வீழ்த்தப்பட்டார்), அணி இரண்டே ஆட்டங்களில் வென்றது, பயிற்சியாளர் 11 ஆட்டங்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர்கள் கொடுத்த 2024 தேர்வோ முதலிடமாகவே போய் விழுந்தது. அதில்தான் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது. 2024இல் இரண்டு ஆட்டங்கள் முடிந்ததும் யங் இருக்கையில் உட்காரவைக்கப்பட்டார். பருவத்தின் பிற்பகுதியில் திரும்பி வந்து அவர் நன்றாகவே ஆடினார் என்பதைக் கவனியுங்கள். திறமை இல்லாதவர் அவ்வாறு திரும்பி வர முடியாது.

இதைவிடக் கொடியது ஹூஸ்டனில் டேவிட் காருக்கு நேர்ந்தது. 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி அவரை முதல் தேர்வாக எடுத்தது. அவருக்குக் காவலாக விரிவாக்க டிராஃப்டில் (புதிய அணி பிற அணிகளின் வீரர்களை எடுக்கும் தேர்வில்) வாங்கப்பட்ட லைன் வீரர் டோனி பசெல்லி தோள் காயத்தால் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் பருவத்தில் கார் 76 முறை சாக் செய்யப்பட்டார். அந்த எண்ணிக்கை இன்றும் சாதனையாகவே நிற்கிறது. ஐந்து பருவங்களில் 249 முறை தரையில் வீழ்த்தப்பட்ட ஒருவருடைய கண், மைதானத்தின் தொலைவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னை நோக்கி ஓடி வருபவர்களையே பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எந்தப் பயிற்சியாளராலும் அதை எளிதில் கழற்ற முடிவதில்லை.

சரியான வரிசைக்கு டெட்ராய்ட் லயன்ஸைப் பாருங்கள். 2021இன் தொடக்கத்தில் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்தபோது, இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளோடு ஜாரெட் கோஃபும் வந்தார். அன்றைக்கு அவரை எல்லோரும் அந்தப் பேரத்தின் சுமையாகத்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டு 7ஆம் இடத்தில் அவர்கள் எடுத்தது குவாட்டர்பேக்கை அல்ல, பெனே சூவெல் என்ற டாக்கிளை (லைனின் ஓரத்தில் நிற்பவரை). முதல் பருவத்தில் மூன்று வெற்றிகள்தான். அடுத்த பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றார்கள். அந்த இடத்தில் நம் உரிமையாளர் இருந்திருந்தால் பயிற்சியாளரையும் பொது மேலாளரையும் ஒரே நாளில் மாற்றியிருப்பார். அவர்கள் மாற்றவில்லை. அந்தப் பருவம் 9-8 என முடிந்தது, 2024இல் 15-2. சுமை என்று கருதப்பட்ட அதே கோஃப், தமக்கு முன்னால் ஒரு சுவர் நிற்கிறது என்ற நம்பிக்கையோடு எறிந்தார்.

நம் லைனின் உள்வரிசையில் பிட்டோனியோ 2014 முதல் ஆடுகிறார். அவரும் டெல்லரும் போன பிறகு உள்வரிசையில் யார் நிற்பார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு குவாட்டர்பேக்கைப் பற்றிப் பேசுவோம்.

ஐந்தாம் ஆண்டு:

அரணாருடைய டெட்ராய்ட் கதையைப் பல இடங்களில் படித்துவிட்டேன். அது அழகான கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் பணக் கணக்கை அவர் தொடவே இல்லை. 2010இல் முதல் தேர்வாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். 2011இல் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்த பிறகு, முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடிதான். அன்றிலிருந்து அணியைச் சீரமைப்பதன் பொருளே மாறிவிட்டது. நல்ல குவாட்டர்பேக் ஒருவர் புதுமுக ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த நான்கைந்து ஆண்டுகளில்தான் லைனுக்கும் ரிசீவர்களுக்கும் செலவிட, அணிக்கு விதிக்கப்பட்ட மொத்த ஊதிய வரம்பில் இடம் கிடைக்கிறது. லைனை முதலில் கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தால், குவாட்டர்பேக் வந்து தேறும் வேளையில் அந்த லைன் வீரர்களுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும்.

இன்னொன்று, சுவர் எழும்பும்வரை எவரும் காத்திருக்காத இடங்களிலும் வெற்றி வந்திருக்கிறது. வாஷிங்டன் 2023இல் நான்கு ஆட்டங்களில் வென்று 2ஆம் இடத்தில் ஜேடன் டேனியல்ஸை எடுத்தது. அடுத்த ஆண்டே 12 வெற்றிகளோடு, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதி ஆட்டம் வரை போனது. ஹூஸ்டன் 2023இல் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடையும் தற்காப்பு வீரர் வில் ஆண்டர்சனையும் அடுத்தடுத்து எடுத்து, மூன்று வெற்றிகளிலிருந்து பத்துக்கு உயர்ந்தது. ஆண்டர்சனுக்காக அவர்கள் கொடுத்தவற்றில் வாட்சன் பேரத்தில் நம்மிடமிருந்து போன 12ஆம் தேர்வும் ஒன்று என்பதும், அந்தப் பருவத்தின் பிளேஆஃபில் நம்மை 45-14 என்று அவர்களே அடித்து அனுப்பினார்கள் என்பதும் கூடுதல் வேதனை. சிகாகோவில் வில்லியம்ஸ் முதல் பருவத்தில் 68 முறை சாக் செய்யப்பட்டார், உண்மைதான். அவர்கள் என்ன செய்தார்கள்? இந்த மார்ச்சுக்குள் பென் ஜான்சனைப் பயிற்சியாளராக்கி, துனி, ஜாக்சன், டால்மன் என்று உள்வரிசை மூவரையும் புதிதாக வாங்கிவிட்டார்கள். உள்வரிசையில் நிற்கும் கார்டும் சென்டரும் சந்தையில் கிடைப்பார்கள், குவாட்டர்பேக் கிடைக்கமாட்டார். சந்தையில் தேடியபோது நமக்குக் கிடைத்தது வாட்சன்.

முற்றத்து விசிறி:

இருவரும் 2026ஐப் பற்றியே பேசுகிறீர்கள். 94ஆம் இடத்தில் டில்லன் கேப்ரியலையும் 144ஆம் இடத்தில் ஷெடூர் சாண்டர்ஸையும் எடுத்து இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. 40 வயது ஃபிளாக்கோ, கென்னி பிக்கெட், காயத்தில் கிடக்கும் வாட்சன் என எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர் இருக்கிறார்கள். புதியவர்கள் இருவரையும் தலா ஆறு ஆட்டங்களாவது ஆடவிட்டுப் பார்க்காமல் அடுத்த ஆண்டுச் சந்தைக்குக் கிளம்புவது எனக்குப் புரியவில்லை. சான் பிரான்சிஸ்கோவை சூப்பர் பவுல் வரை கொண்டுபோன பிராக் பர்டி 262ஆம் இடத்தில் வந்தவர்தாமே?

ஒளிப்பதிவு அறை:

விசிறி அவர்களே, 2022ஆம் ஆண்டின் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஒரே குவாட்டர்பேக் அந்த பிக்கெட்தான், அதுவும் 20ஆம் இடத்தில். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்த ஆண்டு அப்படி இருந்தது. 2024இலோ முதல் 12 இடங்களுக்குள் ஆறு பேர் போனார்கள். எத்தனை தேர்வுகளை நாம் சேர்த்து வைத்தாலும், அந்த ஆண்டு வருபவர்களின் தரம் நம் கையில் இல்லை என்பதால், 2026இல் ஏறியே தீர வேண்டும் என்று இப்போதே முடிவு கட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஏரிக்கரை ரசிகன் பெயர் சொன்னவர்களைப் பார்ப்போம். நான் முதலில் எண்ணுவது கல்லூரியில் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்களை. ட்ரபிஸ்கி 13 ஆட்டங்களோடு 2ஆம் இடத்துக்கு வந்தார், பின்னாளில் மூன்று சூப்பர் பவுல் வென்ற மஹோம்ஸ் அவருக்குப் பிறகு 10ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார். ஆன்டனி ரிச்சர்ட்சனும் 13தான். 2024இல் அவர் எறிந்தவற்றில் பாதிகூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மேனிங் சென்ற பருவத்தில் தொடங்கிய ஆட்டங்கள் இரண்டு. பாட்டனாரும் சித்தப்பாக்கள் இருவரும் இந்த லீக்கில் ஆடிய குவாட்டர்பேக்குகள் என்பது நமக்குத் தெரியும். மூன்றாவது டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) எட்டு யார்டு தேவைப்படும்போது அவர் என்ன செய்வார் என்பது தெரியாது.

பென் ஸ்டேட்டின் அலரைப் பொறுத்தவரை, ஜனவரியில் நோட்ர டேமுக்கு எதிரான ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 24-24 என்ற சமநிலை, பந்து தன் பக்கத்துப் பாதியில், நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அழுத்தம் நெருங்குகிறது. பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்குப் போயிருக்கலாம். அவர் நடுக்களத்துக்கு எறிகிறார், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடுகிறது), சில விநாடிகளில் அவர்களுடைய மூன்று புள்ளி ஃபீல்டு கோல், 27-24. இதை வைத்து மட்டும் அவரைத் தள்ளிவிடுவது நியாயமில்லை, ஏனென்றால் அந்த ஆட்டம் முழுவதிலும் அவருடைய வைட் ரிசீவர்களில் ஒருவர்கூட ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. தவறு அவருடையது, அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்ததில் அணிக்கும் பங்கு உண்டு. இரண்டையும் பிரித்து எடைபோடுவதுதான் தேர்வாளரின் வேலை.

சாண்டர்ஸ் கதையும் அதுவே. கொலராடோவில் இரண்டு பருவங்களில் 94 சாக்குகள். லைன் பலவீனமாக இருந்தது என்று ரசிகர்கள் சொல்கிறார்கள், பந்தை அளவுக்கு மீறிக் கையில் வைத்திருந்தார் என்று தேர்வாளர்கள் சொல்கிறார்கள், இரண்டும் மெய்தான். பின்னோக்கிப் பின்னோக்கி நகர்ந்து தப்பிக்கும் அந்தப் பழக்கம் இந்த லீக்கில் அவருக்குப் பல யார்டுகளை இழக்க வைக்கும்.

எனக்குச் சற்று நம்பிக்கை தருபவர் க்ளப்னிக். 2023இல் 19 டச் டவுன், 9 இன்டர்செப்ஷன். 2024இல் 36க்கு 6. எண்களைவிட ஆண்டுக்கு ஆண்டு ஏற்பட்ட அந்த முன்னேற்றத்தை நான் மதிக்கிறேன். பஃபலோவின் ஜாஷ் ஆலன் முதல் பருவத்தில் 52.8 விழுக்காடுதான் சரியாக எறிந்தார், மூன்றாவதில் 69.2, இடையில் அவர் பயிற்சியும் மாறியது, ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸும் வந்து சேர்ந்தார். நஸ்மையர் துணிச்சலாக எறிகிறார், ஆனால் 29 டச் டவுனுக்கு 12 இன்டர்செப்ஷன் என்பது துணிச்சலுக்குச் சற்று அதிகமான விலை.

ஐவர் அரண்:

ஐந்தாம் ஆண்டு நண்பருக்கு ஒரு சிறு பதில். நீங்கள் எடுத்துக்காட்டிய அதே ஸ்ட்ரவுட், லைன் சரிந்த 2024இல் 52 முறை சாக் செய்யப்பட்டார், அவருடைய ஆட்டமும் இறங்கியது, ஆஃபென்சிவ் ஒருங்கிணைப்பாளர் வேலையிழந்தார். மலிவான ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டு அப்படியே வீணானது. சந்தையில் கார்டு கிடைப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல இடது டாக்கிளை மட்டும் எவரும் சந்தைக்கு அனுப்புவதில்லை. ஆகவே ஒரு தேர்வை டாக்கிளுக்கு ஒதுக்குங்கள், மற்றதை வைத்து நீங்கள் என்ன செய்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஏரிக்கரை ரசிகன்:

அனைவருக்கும் நன்றி. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கேள்வியைத் தொடங்கினேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அரணார் சொன்ன பாதிப் பாதி வழி எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் நம் தற்காப்பின் தூணான மைல்ஸ் கேரட்டுக்கு இந்த டிசம்பரில் 30 வயதாகிறது, அவருக்கு 16 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டு நான்கு ஆண்டுகள் பொறுமையாகச் சுவர் கட்டுவோம் என்று சொல்வதும் பொருந்தவில்லை. அவரை வைத்துக்கொள்வது, அணியை அடியிலிருந்து கட்டுவது என்ற இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் நடக்க நிர்வாகம் முயல்வதாகவே எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸ் அணி கொலம்பஸுக்கு வந்து ஒஹாயோ ஸ்டேட்டோடு மோதுகிறது, அதே நாளில் எல்.எஸ்.யு. கிளெம்சனுக்குப் போகிறது, ஆக மேனிங், நஸ்மையர், க்ளப்னிக் ஆகிய மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கொலம்பஸ் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தால் மகளையும் அழைத்துக்கொண்டு போவேன், அந்தப் பெயரில்லாத சட்டையோடு. பார்த்துவிட்டு வந்து இதே இழையில் எழுதுகிறேன்.