கில்பர்ட் ஒயிட்டும் மோர்ட்டன் பிங்க்னி சம்பளமும்

கரிச்சான்: "சபை மக்களை ஒருநாளும் கைவிடாத ஏழைக் குரு" என்று 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குருவும் இயற்கை ஆய்வாளருமான கில்பர்ட் ஒயிட்டைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நார்தாம்ப்டன்ஷயரில் மோர்ட்டன் பிங்க்னி என்ற சபையை ஆக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரி அவருக்குக் கொடுத்தது. வருமானத்தை வாங்கிக்கொண்டு ஹாம்ப்ஷயரில், தன் செல்போர்ன் வீட்டில் குடியிருந்தார். ஆராதனை நடத்தியது சம்பளத்துக்கு வைத்த வேறொருவர். இதற்குப் பெயர் கைவிடாததா?

மண்புழு: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அந்தக் கால இங்கிலாந்தில் குருமார் பலரும் அப்படித்தான். செல்போர்ன் சபையைக் கொடுக்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் இன்னொரு கல்லூரியான மாக்டலனுக்கு. ஓரியல்காரரான ஒயிட்டுக்கு எப்படிக் கிடைக்கும்? பிறந்த ஊரான செல்போர்னில் கடைசிவரை உதவிகுருதான். பக்கத்து ஃபாரிங்டனிலும் 1784 வரை இருபது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தார்.

கரிச்சான்: ஃபாரிங்டனை யார் கேட்டது? மோர்ட்டன் பிங்க்னிக்குப் பதில் சொல்லுங்கள்.

நத்தை: செல்போர்னின் இயற்கையைப் பற்றி 1789இல் வந்த அவருடைய புத்தகத்தை இருவரும் திறந்தாவது பார்த்தீர்களா? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று கதிர்க்குருவிகளைக் குரலை வைத்தே வேறு வேறு இனம் என்று பிரித்த மனுஷர். மண்புழு நிலத்துக்குச் செய்யும் உபகாரத்தை டார்வினுக்கு முன்பே எழுதியவர். சம்பளக் கணக்கு பார்க்கிறீர்கள்!

கரிச்சான்: பெரிய பறவை ஞானிதான்! தகைவிலான்கள் சில குளிர்காலத்தில் எங்கோ ஒளிந்து தூங்குகின்றன என்ற எண்ணத்தைக் கடைசிவரை விடவில்லையே.

நத்தை: அவை கடலைக் கடப்பதை ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜான் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாடுவது உங்களுக்குப் புதிதல்ல. வள்ளலார் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

கரிச்சான்: அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1780இல் அத்தை இறந்ததும் அவருடைய ஆமையை மண்ணோடு பெட்டியில் வைத்து 80 மைல் வண்டியில் கொண்டுவந்தார். மோர்ட்டன் பிங்க்னியில் குடிபோக மட்டும் வண்டி கிடைக்கவில்லையா?

மண்புழு: ஆமையை இழுக்காதீர்கள். செல்போர்னில் ஞானஸ்நானமும் அடக்கமும் செய்து வைத்தவர் யார்?

கரிச்சான்: மறுபடியும் செல்போர்ன்! நான் கேட்டது மோர்ட்டன் பிங்க்னி.

நத்தை: ஆண் என்று நினைத்து டிமத்தி என்று கூப்பிட்ட அந்த ஆமை பெண் என்பதாவது தெரியுமா உங்களுக்கு?

கரிச்சான்: உங்களுக்கு முன்பே தெரியும்.