மோட்டார் விக்கி நின்று விழுந்த ஃபோம் விமானம்: இ.எஸ்.சி.யை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது 1.2 மீட்டர் இறக்கையுள்ள, ரேடியோவில் இயக்கும் இ.பி.ஓ. (மணிகளாலான ஒரு வகை) ஃபோம் பயிற்சி விமானம். மூன்று செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி.யும் பொருத்தியுள்ளேன். சென்ற ஞாயிறு, வறண்ட ஏரிப்படுகையில் பறந்துகொண்டிருந்தபோது, நான்காவது நிமிடத்தில் முழு த்ராட்டில் (மோட்டாரின் முழு விசை) கொடுத்து மேலேற்ற முயன்றதும், மோட்டார் இரண்டு மூன்று முறை விக்கிவிட்டு நின்றுவிட்டது. திருப்பும் பலகைகளை அசைக்கும் சர்வோக்கள் கடைசி வரை சொன்னபடி கேட்டன. எப்படியாவது தரைப்பக்கம் கொண்டுவந்துவிடலாம் என்று மூக்கைத் தூக்கும் வால் பலகையான எலிவேட்டரை இழுத்துப் பிடித்தேன். இடது இறக்கை சரிந்து, மூக்குக் குப்புற விழுந்தது. மூக்கு நசுங்கி, மோட்டார் பலகைக்குப் பின்னால் ஃபோம் குறுக்கே பிளந்துள்ளது. ப்ரொப்பெல்லரும் உடைந்தது. வீட்டில் அதே பேட்டரியில் மோட்டார் ஒழுங்காகவே சுற்றுகிறது. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

பதில் 1:
சர்வோக்கள் இயங்கின என்பதால் ரிசீவருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ப்ரொப்பெல்லர் இல்லாமல் சுற்றும் மோட்டார் மிகக் குறைந்த ஆம்பியரே இழுக்கும் என்பதால், வீட்டில் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. விக்கி விக்கி நின்றது, பேட்டரியின் வோல்ட் குறைந்ததால் இ.எஸ்.சி. தானாகவே மோட்டாரை நிறுத்தியதைப் போலத்தான் தெரிகிறது. புதிய ப்ரொப்பெல்லரைப் பூட்டி, விமானத்தை உறுதியாகக் கட்டி, பின்னால் நின்றுகொண்டு முழு த்ராட்டிலில் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஒன்றின் சால்டர் விட்டிருந்தால் இப்படி ஓடி நிற்காது. பெரும்பாலும் கிளம்பும்போதே இங்கும் அங்கும் துடித்துக்கொண்டிருக்கும். அண்மையில் எதையாவது மாற்றினீர்களா?

பதில் 2:
ஒட்டு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மோட்டாரையும் மின்பொருட்களையும் கழற்றிவிட்டு, நசுங்கிய மூக்கைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில் சில விநாடிகள் அமிழ்த்துங்கள். அமுங்கிய மணிகள் கண்ணெதிரே உப்பி, ஓரளவு பழைய வடிவத்துக்கு வரும். ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். இ.பி.ஓ.வுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை ஒத்துப்போகும், தெர்மாகோல் என்றால் அரித்துக் கரைத்துவிடும். மோட்டார் பலகைப் பக்கம் மட்டும் எபாக்ஸியே நல்லது. பிளவின் குறுக்கே இரண்டு மெல்லிய கார்பன் குச்சிகளைப் புதைத்து ஒட்டுங்கள். சூட்டுப்பசை எனக்குப் பிடிப்பதில்லை. எடை கூடும், வெயிலில் இளகும்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன். சுமையில் இரண்டு செல்கள் 3.5 வோல்ட்டில் நிற்க, மூன்றாவது 2.6-க்கு இறங்குகிறது, மொத்தம் 9.6. மோட்டாரை நிறுத்தும் அளவை இ.எஸ்.சி.யில் செல்லுக்கு 3.2 வோல்ட் என்றுதான் வைத்திருந்தேன், கணக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தப் பேட்டரியை முழு சார்ஜில் இரண்டு மாதம் அலமாரியில் போட்டு வைத்திருந்தது என் தவறு. போதாக்குறைக்கு, 9 அங்குல ப்ரொப்பெல்லரை எடுத்துவிட்டு, 10 அங்குலத்தை மாட்டியிருந்தேன்.

பதில் 1:
அந்தப் பேட்டரியை இனி பறக்கப் பயன்படுத்தாதீர்கள், இ.எஸ்.சி.யை மாற்றத் தேவையில்லை. பிட்ச் (ப்ரொப்பெல்லர் இதழின் சாய்வு) மாறாவிட்டாலும், அதே சுழற்சி வேகத்தில் 10 அங்குலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திறன் கேட்கும். ஆகவே 9-க்கே திரும்புங்கள். புதிய பேட்டரியைப் பயன்படுத்தாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். மூக்கை ஒட்டும்போது மோட்டார் முன்பிருந்தபடியே சற்று வலப்புறமும் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியையும் வைத்துப் புவியீர்ப்பு மையத்தை மறுபடி சரிபாருங்கள். அடுத்த முறை மோட்டார் நின்றால் எலிவேட்டரை இழுக்காமல், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் விமானத்தைச் சரித்தது நின்ற மோட்டார் அல்ல, அந்த இழுப்புதான்.