புதுப்பிப்பு: பரணில் கிடந்த மடிக்கணினிகள் நூலகத்துக்கு வந்துவிட்டன

2011-க்குப் பிறகு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் எங்கள் ஊரில் பல வீடுகளில் தூங்குகின்றன, அவற்றை ஊர் நூலகத்துக்குத் தேற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஏழு கிடைத்தன, நான்கு உயிர் பெற்றன!

பலர் சொன்னபடி லுபுண்டு (பழைய கணினியிலும் ஓடும் இலவச இயங்குதளம்) போட்டோம். ஆனால் உண்மையான வித்தியாசம், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புதுவகைச் சேமிப்பகம்) மாட்டியதில்தான் தெரிந்தது. உப்பியிருந்த பேட்டரிகளைக் கழற்றிவிட்டோம். அதனால் கரண்ட் போனால் உடனே அணைந்துவிடுகிறது. பழைய இன்வெர்ட்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

கிவிக்ஸ் (விக்கிப்பீடியாவை இறக்கிவைத்துப் படிக்க உதவும் செயலி) யோசனை சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. தமிழ் விக்கிப்பீடியா இணையம் இல்லாமலே ஓடுகிறது. பிள்ளைகள் அதிலேயே கிடக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் என் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணையமும் உண்டு. முதல் நாளே ஒரு பாட்டி சர்வே எண்ணோடு வந்து தன் நிலத்துப் பட்டாவைத் திரையில் பார்த்தார். பேரைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

அப்புறம் ஒன்று. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கணினியைத் தொடாதவருக்கும் பயன் போய்ச் சேர்ந்தது. அதை மனத்தில் வைத்து, உதவித்தொகை, தேர்வு விண்ணப்பக் கடைசித் தேதிகளை டீக்கடைப் பலகையில் தினமும் எழுதுகிறோம். அடுத்த வாரம் தமிழ்99 (தமிழ் விசைப்பலகை முறை) தட்டச்சு வகுப்பு.