மோவாய் ஃபில்லருக்குப் பிறகு அளவு குறைகிறது, பிழை எங்கே?

கேள்வி:
மோவாய்க்கு ஃபில்லர் (ஊசியால் தோலடியில் ஏற்றும் ஜெல்) போட்டவரின் முன்–பின் படங்களை அளக்கிறேன். மூக்கடியிலிருந்து மோவாய் அடிவரை முன்பு 65 மி.மீ., இரண்டு வாரம் கழித்து 63. நேரில் பார்த்தால் மோவாய் நீண்டுதான் இருக்கிறது. கருவிழி அகலத்தை 11.7 மி.மீ. என்று வைத்து அளவு போட்டேன். இரண்டும் ஃபோனில், அரை மீட்டர் தூரத்தில் எடுத்தவை.

பதில் 1:
முதலில் பல்லைக் கவனியுங்கள். தாடையைத் தளரவிட்டால் மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இயல்பாகவே விழும். முன் படத்தில் தளர்ந்தும் பின் படத்தில் பல் சேர்ந்தும் இருந்தால், அந்த 2 மி.மீ. அங்கேயே போய்விட்டது. கடைவாய்ப்பல் லேசாகத் தொட வேண்டும், கடிக்கக் கூடாது, உதடு தளர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது தலைச்சாய்வு. மூக்கடியோடு ஒப்பிட்டுக் காதுமடல் நுனி எந்த மட்டத்தில் நிற்கிறது? பின் படத்தில் மேலே ஏறியிருந்தால் தலை குனிந்திருக்கிறது. குனிந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்கித்தான் பதியும். காதுத்துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார வைத்து எடுங்கள்.

பதில் 2:
தூரமும் சரியில்லை. 50 செ.மீ.யில், கண்ணைவிட 1 செ.மீ. முன்னால் இருப்பது 2 சதவீதம் பெரிதாகப் பதியும், 1.5 மீட்டரில் முக்கால் சதவீதம்கூட வராது. ட்ரைபாட் வைத்து, தரையில் டேப் ஒட்டி, டெலி லென்ஸில் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) எடுங்கள்.

11.7 என்பது சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளை ஒப்பிட அது போதும்தான். ஆனால் படத்தில் கருவிழி 60 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் தவறினாலே 65 மி.மீ.யில் 1 மி.மீ. போகும். இரண்டு கண்மணிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவுகோலாக்குங்கள், பிழை நன்றாகக் குறையும். பார்வை இரண்டு முறையும் தூரத்துப் புள்ளி ஒன்றில் நிற்கட்டும்.

பதில் 3:
மோவாய் அடி கழுத்து நிழலில் மறையும். எலும்பைத் தொட்டுப் பார்த்து, ஐப்ரோ பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

உங்கள் சொந்தப் பிழையையும் கணக்கிடுங்கள். சிகிச்சை எடுக்காத பத்துப் பேரை எழுந்து உட்கார வைத்து இரண்டிரண்டு முறை அளந்து, வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 20ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.6 மி.மீ. வந்தால், அதன் 2.8 மடங்கான 1.7க்குக் குறைந்த எதையும் மாற்றம் என்று சொல்லக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
முன் படத்தில் பல் சேரவில்லை. பின் படத்தில் காதும் ஏறியிருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் அந்த 63ஐக் கேஸ் ஷீட்டில் ஏற்றாதீர்கள். முன் படத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. இன்றைக்கு முறையாக ஒரு படம் எடுத்து, அடுத்த ஒப்பீட்டை அதிலிருந்து தொடங்குங்கள்.